நெடுநல்வாடை அரசியின் அறையை வரைகிறேன், படம் ஏன் பாட்டு மாதிரி வரவில்லை?

சதுர அடி (கோயம்புத்தூர்):

வணக்கம். பதினாறு வருடமாக வீட்டு உள் அலங்காரத்துக்குக் கணினியில் த்ரீடி படம் வரைந்து கொடுப்பது என் வேலை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங், டிவி சுவர் எல்லாம் வரைவேன். வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்காரருக்கு அவர் வீடு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும், அதற்குத்தான் நான்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நெடுநல்வாடையின் தொடக்க வரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மாடு மேய்க்கும் கோவலர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் குளிர் தாங்காமல் நடுங்குவார்களே, அந்த இடம். பாடம் அதோடு நின்றுவிட்டது. பாட்டு மொத்தம் 188 அடி என்றதும் மீதி என்ன என்று பார்க்க ஆசை வந்தது. நூலகத்திலிருந்து, இந்தப் பாட்டு உள்ள பத்துப்பாட்டுத் தொகுப்பை நச்சினார்க்கினியரின் பழைய உரையோடு எடுத்து வந்தேன். படித்து முடித்தபோது மணி இரண்டு. மழையிலும் குளிரிலும் தொடங்கிய பாட்டு கடைத்தெருவுக்கு வருகிறது, யானை கொடியோடு நுழைகிற அளவு உயரமான வாயிலில் புகுகிறது, மணல் பரப்பிய முற்றத்தைத் தாண்டுகிறது, கடைசியில், போருக்குப் போன அரசனைப் பிரிந்திருக்கும் அரசியின் படுக்கையறைக்குள் போய் நிற்கிறது. அரசனைத் தவிர ஆண்கள் யாரும் நெருங்க முடியாத காவல் உள்ள இடம் என்று பாட்டை எழுதிய நக்கீரர் சொல்கிறார், சொல்லிவிட்டு அவரே உள்ளே போகிறார். கனவில் நடக்கும்போது கதவுகள் தானாகத் திறந்துகொள்ளுமே, அப்படி ஒரு நடை.

உள்ளே போனதும் என் தொழிலுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் இருக்கிறது. செம்பால் செய்தது போன்ற நெடுஞ்சுவர். நீலமணி போலக் கருத்துத் திரண்ட தூண்கள். வெள்ளி போல மின்னும் சுதைப் பூச்சு. சுவரில் பல பூக்களோடு ஒரு கொடி. யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், செய்த பாவை கையில் அகல் ஏந்தி நிற்கிறாள், அகல் நிறைய நெய், பருத்த திரி. நாற்பது வயது யானையின் தந்தத்தில் செய்த பெரிய வட்டக் கட்டில், சுற்றிலும் முத்துக் கோத்துச் சன்னல் போலத் தொங்கவிட்ட சாலேகம். படுக்கையில் பல நிற மயிரால் சிங்க வேட்டைக் காட்சி. அதன் மேல் துணையோடு கூடிய அன்னங்களின் தூவி அடைத்த அணை. அதற்கும் மேல் கஞ்சி போட்ட மடிப்புத் துணி. தலைக்கு மேலே, மெழுகு வழித்த துணியில் எழுதிய இராசி மண்டலம். எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் குறிப்பு எடுத்திருக்கிறேன், இவ்வளவு துல்லியமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நாலு மாதமாக இரவில் அந்த அறையைத்தான் வரைகிறேன். எல்லாப் பொருளும் வந்துவிட்டது. ஆனால் படத்தைப் பார்த்தால் கல்யாண மண்டபத்து மேடை மாதிரி இருக்கிறது. மினுமினுக்கிறது, அவ்வளவுதான். பாட்டில் அந்த அறைக்குள் போனால் நெஞ்சு கனக்கிறது. என் படத்தில் கனம் இல்லை.

தெரிந்தவர்கள் உதவுங்கள். கட்டில் கால் எனக்குப் புரியவே இல்லை. “குடத்த” என்கிறார், “உள்ளி” என்கிறார், ஒரே காலில் இரண்டும் எப்படி வரும்? யவனப் பாவைக்கு எந்த நாட்டு முகம் வைப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு அலங்காரமும் இருந்தும் படம் ஏன் வெறுமையாக இருக்கிறது, அல்லது வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் ஏன் நிறைந்து கிடக்கிறது? இதை எப்படிக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பழைய பாடம் (மதுரை):

தம்பி, நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தப் பாட்டைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், இதை வரைந்து பார்க்கிறேன் என்று ஒருவரும் வந்ததில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறது.

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி, அதிலிருந்து தொடங்குகிறேன். அறைக்குள் நுழையும் முன் ஒரு இருபது அடி இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அடிகளில் ஒரு பணக்கார வீட்டுப் பொருள்கள் எல்லாம் குளிர் காலத்தில் சும்மா கிடக்கின்றன. வடவர் கொண்டுவந்த வெள்ளைச் சந்தனக்கல் கிடக்கிறது, தெற்கிலிருந்து வந்த சந்தனமும் கிடக்கிறது, அரைப்பார் இல்லை. கைதேர்ந்த கம்மியன் அழகாகச் செய்த சிவந்த வட்ட விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகிறது, அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. மேல்மாடத்தில் வேனிலில் தென்றல் வாங்குகிற பள்ளியின் இரட்டைக் கதவுகளைத் தாழிட்டுவிட்டார்கள். குறுகிய வாயுள்ள குடத்துத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, அகன்ற வாயுள்ள தடவில், அதாவது கணப்புச் சட்டியில், நெருப்பு எரிகிறது. யாழின் நரம்புகூடக் குளிரில் தளர்ந்துபோய், ஆடல் மகளிர் மார்பின் வெம்மையில் தடவி அதைப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். சிலந்தி நூல் கட்டிய அந்த விசிறியை உங்கள் சுவரில் மாட்டிப் பாருங்கள், படத்துக்குள் காலம் வந்துவிடும்.

அப்புறம் இரண்டு சொற்களைப் பின்தொடர்ந்து வாருங்கள். ஒன்று “துறப்ப”. சந்தனக்கல்லைச் “சாந்தொடு துறப்ப” என்கிறார். மாடத்துக் கதவைத் “தாழொடு துறப்ப” என்கிறார். எழுபது எண்பது அடி தாண்டி அரசியிடம் வரும்போது “துணை துறந்து” என்கிறார். கல்லுக்கும் கதவுக்கும் சொன்ன சொல்தான் அவளுக்கும். இன்னொன்று “புனை”. விசிறியைக் கம்மியன் “கவின் பெறப் புனைந்த” என்றவர், மகளிர் “கோதை புனையார்” என்கிறார். கடைசியில் கட்டிலின் மேல் இருப்பவளைப் “புனையா ஓவியம் கடுப்ப” என்கிறார். வண்ணம் தீட்டாமல் கோட்டோடு விட்ட ஓவியம் போல என்று பொருள். சுவரில் ஓவியம், படுக்கையில் ஓவியம், மேற்கட்டியில் ஓவியம், நடுவில் இருக்கிற உயிருள்ள பெண் மட்டும் தீட்டாத ஓவியம். உங்கள் படத்தில் அவளுக்கும் மற்றவற்றைப் போலவே மினுமினுப்பு ஏற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

யவனப் பாவைக்கு வருகிறேன். நம் கோயில்களில் இரண்டு கையாலும் அகலை ஏந்தி நிற்கிற பாவை விளக்கைப் பார்த்திருப்பீர்கள், அந்த நிலையே போதும். யவனர் நாட்டில் மனித உருவம் விளக்கேந்தி நிற்கும் வழக்கம் நிஜமாகவே இருந்தது. இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய ஊரான பொம்பேயியில் 1925-ல் கிடைத்த வெண்கல இளைஞன் சிலை ஒன்று, பணக்காரர் வீட்டில் விளக்கேந்தியாக நின்றதுதான். அதே பொம்பேயியில் 1938-ல் இந்தியாவிலிருந்து போன தந்தப் பெண் சிலை ஒன்றும் கிடைத்தது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல் அந்த ஊரை மூடியபோது அங்கே இருந்த சிலை அது. நம் பக்கத்துத் தந்தப் பாவை அவர்கள் வீட்டில், அவர்கள் செய்த விளக்குப் பாவை நம் அரண்மனையில். முகத்தை எந்த நாட்டு முகமாகவும் வையுங்கள், மூக்கும் கூந்தலும் அந்த அறையில் இருக்கும் வேறு யாருக்கும் இல்லாததாக இருந்தால் போதும்.

“அறு அறு காலைதோறு” என்ற இடத்தையும் விட்டுவிடாதீர்கள். நெய் குறையும்போதெல்லாம் ஊற்றி, திரி தீரும்போதெல்லாம் போட்டு, என்று அர்த்தம். இரவு முழுக்க யாரோ ஒருத்தி கண்விழித்திருந்து அந்த வேலையைச் செய்கிறாள்.

கடைசல் பட்டறை (காரைக்குடி):

வணக்கம் தம்பி. நான் இலக்கியம் படித்தவன் இல்லை, மர வேலைக்காரன். ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, கட்டில் பகுதியை மட்டும் மகனை விட்டு ஐந்தாறு முறை வாசிக்கச் சொன்னேன். இது வேலை தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிய வரி. எங்கள் பட்டறையில் பேசுகிற பேச்சு இது.

முதலில் கால். குடமும் உள்ளியும் ஒரே காலில் எப்படி என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் எந்தப் பழைய வீட்டுக் கட்டிலையும் போய்ப் பாருங்கள். கடைசல் காலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். முதலில் ஒரு புடைப்பு வரும், தண்ணீர்க் குடம் மாதிரி. அதற்குக் கீழே கால் ஒடுங்கும். பிறகு தரையைத் தொடுகிற இடத்தில் இன்னொரு சின்னப் புடைப்பு, மேல் புடைப்பைவிடச் சின்னது, நுனி குவிந்து, பக்கத்தில் லேசாக வரி போட்டது. அதுதான் உள்ளி. முழுப் பூண்டு ஒன்றை எடுத்துத் தலைகீழாக மேசையில் வையுங்கள், அந்த வடிவம். குடம் அழகுக்கு. பூண்டு பாரத்துக்கு, ஏனென்றால் கால் நேராகக் கம்பி மாதிரி இறங்கினால் தரையில் நிற்கிற இடம் சிறுத்துப்போய்க் கட்டில் ஆடும். “உள்ளி நோன் முதல்” என்று சொல்லியிருக்கிறாரே, நோன் என்றால் வலிமை என்று மகன் சொன்னான். சரியான சொல்.

அடுத்தது “ஒழி எயிறு அருகு எறிந்து”. இரண்டு பக்கமும் செத்தி எடுத்துவிட்டு என்று அர்த்தம். உருண்டையான எதிலிருந்தும் பலகை எடுக்க அதுதான் முதல் வேலை, மரமானாலும் தந்தமானாலும். தந்தம் வளைந்தது, அடிப்பக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளே கூடு. அதனால் அதில் நீளப் பலகை கிடைக்காது, அகலப் பலகையும் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டுகளைச் சேர்க்கிற இடத்தில் கோடு தெரியுமே, அதை என்ன செய்வது? கூர்மையான உளியால் இலை செதுக்கி “இடை இடுபு” என்கிறார். இடையில் வைத்தான். இணைப்பை இலையால் மறைத்திருக்கிறான் என்பது என் கணிப்பு. நான் தேக்கில் இதைத்தான் செய்கிறேன். ஆகவே உங்கள் படத்தில் கட்டிலை ஒரே வெள்ளைப் பாளமாக வரைந்திருந்தால் அதை மாற்றுங்கள். சின்னச் சின்னத் துண்டு, நடுநடுவே இலை. புதுத் தந்தத்தின் வெள்ளையும் வேண்டாம். தந்தம் வருடம் ஆக ஆக மோர் நிறத்துக்கு வரும், கைபட்ட இடம் இன்னும் பழுக்கும். என் தாத்தா செய்த சீப்பு ஒன்று வீட்டில் இருந்தது, அதைப் பார்த்ததால் சொல்கிறேன். 1986-லும் 1991-லும் சட்டம் திருத்திய பிறகு தந்த வேலை முழுதாக நின்றுவிட்டது. நின்றது நல்லதுதான்.

தூணைத் “திண்காழ்” என்கிறாரே, எங்களுக்குக் காழ் என்றால் மரத்தின் வைரம். கருப்பாய், திரண்டு, மணி மாதிரிப் பளபளப்பாய் என்றால் என் மனதில் கருங்காலிதான் வருகிறது. அதில் மெருகு ஏறினால் விளக்கு வெளிச்சம் தூணின் மேல் ஒரு கோடாக நிற்கும், பரவாது.

வாசலுக்கு மேல் விழுமரம் என்று ஒன்று வருகிறது, நட்சத்திரத்தின் பெயர் கொண்ட மரமாம். உத்தரம் என்று உரைகாரர் சொல்லியிருப்பதாக மகன் படித்தான். நாங்கள் இன்றைக்கும் உத்திரம் என்றுதான் சொல்கிறோம். அதில் நடுவில் திருமகள், இரண்டு பக்கமும் பூவும் பெண் யானையும் என்று உரையில் இருக்கிறதாம். செட்டிநாட்டு வீட்டு நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கிக் கொடுத்து என் கை காய்த்துக் கிடக்கிறது. இதைப் படித்தபோது உளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். “கைவல் கம்மியன் முடுக்கலின் புரை தீர்ந்து” என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. முடுக்கி இறுக்கியதில் இடைவெளியே இல்லாமல் போயிற்று என்கிறார். ஒரு நல்ல ஆசாரியைப் பற்றி இதைவிட என்ன சொல்லிவிட முடியும்?

இன்னும் ஒன்று, இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பொருளில் தொடங்கித்தான் எனக்கு எதுவும் புரியும். தந்தம் எங்கிருந்து வந்தது? “பொருது ஒழி நாகம்”, சண்டையில் மாண்ட யானை. இரும்போ மரமோ இல்லாமல் அதைத் தேடி எடுத்துச் செய்திருக்கிறார்கள். அரசன் இப்போது எங்கே? சண்டைக் களத்தில். அங்கே யானைகளின் தும்பிக்கை வெட்டுப்பட்டுத் தரையில் புரள்கிறது என்று அதே பாட்டில் பின்னால் வருகிறதாம். அப்படியானால் அந்த அம்மாள் படுத்திருப்பதே ஒரு போர்க்களத்தின் மிச்சத்தின் மேல்தான். இந்த யானை செத்த சண்டையிலிருந்து அவர் திரும்பி வந்தார், அந்தச் சண்டையிலிருந்து வருவாரா? தந்தத்தில் ஒரு கீறல் போடுங்கள் தம்பி. கடைசலில் போகாத பழைய கீறல் ஒன்று, காலின் உள்பக்கமாக. பார்க்கிறவர்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

மார்கழி (திருச்சி):

தந்தக் கட்டில் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தி. திருப்பாவை 19-ஆம் பாசுரத்தில் “குத்து விளக்கெரியக் கோட்டுக்கால் கட்டில்மேல்” என்று ஆண்டாள் பாடுகிறாளே, கோடு என்றால் தந்தம்தான். கண்ணன் கொன்ற குவலயாபீடம் என்ற யானையின் கொம்பால் செய்த கால்கள் என்று வைணவ உரைகளில் சொல்வார்கள். ஆக அங்கேயும் சண்டையில் விழுந்த யானை. ஆனால் அந்தக் கட்டிலில் கண்ணன் இருக்கிறான், நப்பின்னையின் மேல் சாய்ந்து தூங்குகிறான், வெளியே நிற்கிற பெண்கள் எழுப்புகிறார்கள். பொருளும் விளக்கும் ஒன்றுதான், ஆள் இருக்கிறான். இரண்டு அறையையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆச்சி பேத்தி (தூத்துக்குடி):

எல்லோரும் கட்டிலைப் பார்க்கிறீர்கள், நான் கட்டிலில் இருக்கிறவளைப் பார்க்கிறேன். சதுர அடி அண்ணா, அவள் காதை எப்படி வரைந்தீர்கள்?

எங்கள் ஆச்சி பாம்படம் போட்டிருந்தவள். தாத்தா இறந்த பதினாறாம் நாள் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆச்சி மடியில் படுத்து அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். தங்கம் போன பிறகு காதுத் தசை தோள் வரைக்கும் வெறும் வளையமாகத் தொங்கும், ஆச்சி தலையைத் திருப்பினால் கொஞ்சம் தாமதித்து அசையும். “வறிது வீழ் காதின்” என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் எனக்கு அந்த மடி ஞாபகம் வந்துவிட்டது. இந்த அரசி நீண்ட குழையைக் கழற்றிவிட்டுச் சின்னத் துளையில் வாயுறை என்ற சிறிய காதணியை மட்டும் அழுத்தி வைத்திருக்கிறாள். கனத்த நகை போன பிறகு காது லேசாகத்தான் தாழ்ந்திருக்கிறது. அவள் இளம்பெண், ஆச்சி அளவுக்குத் தொங்காது.

முன்கையையும் பாருங்கள். “பொலந்தொடி தின்ற” என்கிறார். தங்க வளை கையைத் தின்றிருக்கிறது, தழும்பு இருக்கிறது. தங்கம் இருந்த இடத்தில் இப்போது சங்கு வளையும் காப்பு நூலும்தான். உடம்பில் அழுக்கேறிய சாதாரண நூல் சேலை. கீழே விரித்திருப்பதோ கஞ்சி போட்டு வெளுத்த துணி. அந்த விரிப்பில் ஒரு மடிப்புகூடக் கசங்கியிருக்கக் கூடாது அண்ணா, ஏனென்றால் அவள் தூங்கவே இல்லை. கஞ்சித் துணியில் ஒரு ராத்திரி படுத்தால் காலையில் எப்படி நொறுங்கிக் கிடக்கும் என்று துவைக்கிறவளுக்குத் தெரியும்.

சதுர அடி (கோயம்புத்தூர்):

எல்லோருக்கும் நன்றி. பதினோரு நாள் கழித்துத்தான் எழுத முடிந்தது, அதற்குள் படத்தைப் பாதிக்கு மேல் மாற்றிவிட்டேன்.

ஆசாரி ஐயா, பூண்டைத் தலைகீழாக மேசையில் வைத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, அந்த நிழலைப் பார்த்து வரைந்தேன். கால் இப்போது நிற்கிறது. முன்னால் அது கட்டிலுக்குக் கீழே ஒட்டி வைத்தது போல இருந்தது. துண்டுகளும் இலைகளும் வந்துவிட்டன, நிறத்தையும் இறக்கிவிட்டேன். கீறலும் இருக்கிறது, நீங்கள் சொன்ன இடத்தில்.

சுவர் வேலையில்தான் ஒரு பெரிய தவறைக் கண்டுபிடித்தேன், அது நீங்கள் யாரும் சொல்லாதது. எங்கள் தொழிலில் சுவருக்குப் பூ வேண்டும் என்றால் ஒரு சதுரத்துக்குப் பூ வரைந்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டிச் சுவரை நிரப்பிவிடுவோம். அப்படித்தான் செய்திருந்தேன். மறுபடி படித்தபோது “பல் பூ ஒரு கொடி” என்று இருந்தது. பூ பல, கொடி ஒன்று. ஒரே ஒரு கொடி ஏதோ ஒரு மூலையில் முளைத்து, நாலு சுவரையும் அறுபடாமல் சுற்றி வருகிறது. எழுதிய ஓவியனுக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும்! சதுரத்தை அழித்துவிட்டு அந்தக் கொடியைக் கையால் வரைகிறேன். மூன்று சுவர் முடிந்திருக்கிறது. தூக்கம் வராதவள் அந்தக் கொடியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வரலாம் என்று வரையும்போது தோன்றியது.

பழைய பாடம் ஐயா, விசிறியை மாட்டிவிட்டேன். சிலந்தி நூலை முதலில் பெரிய வலையாகப் போட்டேன், பாழடைந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. பிறகு முளைக்கும் விசிறிக்கும் நடுவில் இரண்டே இழை. அது போதுமாக இருக்கிறது. அரசியின் மேலிருந்த மினுமினுப்பை முழுதாக எடுத்துவிட்டேன். தங்கையே, காதையும் முன்கையையும் நீங்கள் சொன்னபடி திருத்தினேன். சேலையின் பழுப்பும் விரிப்பின் வெள்ளையும் சேரும் கோடு இப்போது படத்திலேயே கூர்மையான கோடு.

இன்னும் ஏதோ குறைந்தது. நேற்று இரவுதான் அது பிடிபட்டது. உள் அலங்காரப் படத்தில் பார்வையை நாலரை ஐந்து அடி உயரத்தில், அறை வாசலில் வைப்போம். உள்ளே வருகிற விருந்தாளி எதைப் பார்ப்பாரோ அது. இந்த அறைக்கு விருந்தாளியே கிடையாது. அதனால் பார்வையைக் கட்டிலுக்குக் கொண்டுபோய், தலையணை உயரத்துக்கு இறக்கி, மேலே திருப்பினேன். தரை, தூண், பாவை எல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டன. நாலு மாதம் உழைத்து வரைந்த கட்டிலே படத்தில் இல்லை, முத்துச் சாலேகத்தின் மேல் விளிம்பு மட்டும் தெரிகிறது. படம் முழுக்க மெழுகுத் துணி. ஆடு, அதாவது மேஷம், முதலாக இராசிகள், அவற்றின் நடுவே சந்திரன், அவனைவிட்டு நீங்காமல் அவன் மனைவியான உரோகிணி நட்சத்திரம். அவள் அதைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறாள் என்று நக்கீரர் எழுதியிருக்கிறார். நான்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்க்கவில்லை.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்துவிட்டு, “வெளிச்சம் எங்கிருந்துப்பா வருது?” என்று கேட்டாள். பாவை படத்துக்கு வெளியே கீழே நிற்கிறாள், வெளிச்சம் மட்டும் துணியில் விழுகிறது என்றேன். இடது ஓரத்தில் உரோகிணி இருக்கும் பக்கம் கொஞ்சம் மங்கலாக விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்து அகலில் நெய் குறைந்திருக்கிறது, ஊற்ற வேண்டியவள் இன்னும் வந்து சேரவில்லை.